ஜெரோலமோ கடலில் ஓடிய விவகாரம்

ஜெரோலமோவுக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் ஆணையம் அவனுக்கு அனுப்பிய முதல் நோட்டீஸ், "பணி நேரத்தில் துறைமுகக் கடலுக்குள் இறங்கி, சார்தீனியா தீவுக்குப் போகும் கப்பலின் குறுக்கே கடந்து, மறுபடி கரையேறியது ஏன்?" என்று விளக்கம் கேட்டிருந்தது.

எங்கள் துறைமுக ஊரான ஜெனோவாவின் பழைய நகரத்தில் சந்து என்றால், இரண்டு கையையும் விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் தொடும். ஆம்புலன்ஸ் உள்ளே வராது. யாருக்காவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டால் ஒருவன் ஓடித்தான் போக வேண்டும். அதற்காகவே எங்கள் உதவிக் கழகம் இருக்கிறது. ஒரு அறை, ஒரு போன், நின்றுபோன இதயத்துக்கு மின்சாரம் கொடுத்துக் கிளப்பிவிடும் ஷாக் பெட்டி ஒன்று, அதைத் தூக்கிக்கொண்டு ஓட ஜெரோலமோ. போனை எடுப்பது நான். என் பெயர் டெல்ஃபீனா. இருபது வருஷம் பஸ் கம்பெனியில் பயணிகளிடம் திட்டு வாங்கிப் பழகியவள் என்பதால் இந்த வேலை எனக்குக் கஷ்டமாக இல்லை.

ஜெரோ காலையில் காட் மீன் கருவாட்டை ஊறவைத்து விற்பான். மதியத்துக்கு மேல் எங்களிடம் வருவான். தொப்பை உண்டு, வயது ஐம்பதைத் தொடப்போகிறது. ஆனால் எந்தப் படிக்கட்டில் எந்தக் கல் ஆடும் என்று அவன் காலுக்குத் தெரியும். அவன் ஓடி வரும்போது மீன் வாடை முன்னால் வந்து கூட்டத்தை விலக்கிவிடும். தனியாக மணி அடிக்கத் தேவையில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வேலைக்குள் பிராந்திய ஓட்டத் துல்லிய ஆணையம் வந்து சேர்ந்தது. ஓடுகிறவன் எவ்வளவு தூரம் ஓடினான், எந்த வழியாக ஓடினான் என்பதை ஜி.பி.எஸ். உள்ள கடிகாரம் கட்டிக்கொண்டு பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். செய்யலாம், தப்பில்லை. ஆனால் அந்தக் கடிகாரத்துக்கு வானம் தெரிய வேண்டும். எங்கள் சந்துகளில் வானம் ஒரு ரிப்பன் அளவுதான். அந்த ரிப்பனிலும் துணி காயும். சேட்டிலைட்டின் கண்ணில் நாங்கள் படுவதில்லை. எங்களுக்கு அதில் வருத்தமும் இருந்ததில்லை. ஆனால் கடிகாரம் குழம்பி, சந்தில் ஓடியவனைக் கடலில் காட்டியது.

ஜெரோவைவிட அவன் அண்ணன் லாசரோதான் அந்த நோட்டீஸை ரசித்தார். முன்னாள் துறைமுகத் தொழிலாளி, மூன்று பூனைச் சந்தில் தனியாக இருக்கிறார். இரண்டு முறை நெஞ்சு நின்று, இரண்டு முறையும் ஜெரோ ஓடிப்போய் எழுப்பியவர். தினமும் எனக்குப் போன் செய்து குறை சொல்வார். குறை சொல்வது எங்கள் ஊரில் வியாதி இல்லை, உரிமை. கூலி குறைந்தாலும் பரவாயில்லை, முணுமுணுக்க விடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டுதான் எங்கள் மாலுமிகள் அந்தக் காலத்தில் கப்பலே ஏறுவார்கள் என்பார்கள்.

"என்ன டெல்ஃபீனா, நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன். யாருக்கும் சந்தோஷமில்லன்னு தெரியும்" என்று ஆரம்பிப்பார். "ரொட்டி கல்லு மாதிரி இருக்கு. கீழ்வீட்டுக்காரி பாடுறா, காது போச்சு. அப்புறம் என் தம்பி, அந்த தண்டச்சோறு, கடல்ல ஓடுனானாமே? ஓடுனவன் அப்படியே சார்தீனியாவுக்குப் போயிருக்கலாம்ல? எதுக்குத் திரும்பி வந்தான்?"

விசாரணைக்கு ஜெரோவோடு நானும் போனேன். பளிங்குத் தரை, உயரமான கூரை. அந்தக் கூரைக்குக் கீழே காவலியேரே இஞ்சினியர் உல்தெரிகோ உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு பட்டங்களையும் சேர்க்காமல் கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது. பட்டம் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததால் இனி வெறும் உல்தெரிகோ என்றே எழுதுகிறேன்.

"மேப்பைப் பாருங்க" என்றார். "நீங்க கடல்ல இருக்கீங்க."

"சார், நான் சந்துலதான் ஓடுனேன். ஷூகூட நனையல."

"நனையாம எப்படிக் கடல்ல ஓடுனீங்கன்னுதான் ஆணையம் கேக்குது."

"நான் போய்ச் சேர்ந்த வீட்டு அம்மா பொழைச்சிட்டாங்க சார். கடலுக்குப் போயிருந்தா அவங்க எப்படிப் பொழைப்பாங்க?"

"அது மருத்துவ விஷயம். எங்க அதிகாரத்துக்குள்ள வராது." உல்தெரிகோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, மனுஷன் மறப்பான், பயப்படுவான், பொய் சொல்லுவான். வாட்ச் அப்படியில்ல. அது தப்பாச் சொன்னாலும் நேர்மையாச் சொல்லும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "தப்பாச் சொல்றத எதுக்கு சார் கையில கட்டணும்?" என்றேன்.

"எவ்வளவு தப்புன்னு தெரிய வேண்டாமாம்மா? அதுக்கு இன்னொரு வாட்ச் வேணும். ரெண்டையும் ஒப்பிடணும். எல்லா வாட்ச்சும் ஒரே பாதையைக் காட்டுற வரைக்கும் ஒப்பிடுவோம். காட்டலைன்னா உங்க நிலையத்தை மூடிட்டு, பெட்டியை மலைமேல இருக்கற கிடங்குக்கு எடுத்துட்டுப் போயிடுவோம். நம்ப முடியாத தூரத்துக்கு ஒரு நம்பகமான பெட்டியைக் கொடுக்க சட்டத்துல இடமில்ல."

மலைமேலிருந்து ஒருவன் பெட்டியோடு இறங்கி வருவதற்குள் மூன்று பூனைச் சந்தில் லாசரோவின் உடம்பு ஜில்லிட்டிருக்கும். அவருக்கு மட்டுமா? எங்கள் சந்துகளில் இளவட்டம் எல்லாம் மிலானுக்கு வேலைக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு நெஞ்சு சரியில்லை.

ஒப்பீடு தொடங்கியது. இடது கையில் ஒரு கடிகாரம், வலது கையில் ஒன்று. ஒரு கை ஜெரோவை வங்கியின் பெட்டக அறைக்குள் காட்டியது. இன்னொரு கை வழக்கம்போல் கடலில் காட்டியது. உல்தெரிகோ கலங்கவில்லை. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தார். சராசரிப்படி ஜெரோ கன்னியாஸ்திரீகள் மடத்தின் குளியலறைக்குள் ஓடியிருந்தான். மடத்துத் தலைவிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார்கள், எழுதினான். தலைவி பதிலுக்கு இரண்டு கிலோ காட் மீனுக்கு ஆர்டர் கொடுத்தாள்.

பிறகு மூன்றாவது கடிகாரம், நான்காவது. முழங்கைவரை இடம் தீர்ந்ததும் கணுக்காலில் கட்டினார்கள். காலில் கட்டியவை, ஒவ்வொரு அடிக்கும் கால் முன்னும் பின்னும் போவதால், அவன் போகும்போதே திரும்பியும் வந்துகொண்டிருப்பதாகச் சொல்லின. ஆணையத்தின் அளவையாளர் மிரெல்லா நல்ல பெண்மணி. நீளக் கம்பியில் பூட்டிய அளவுச் சக்கரம் ஒன்றை எடுத்துவந்து சந்து நெடுக உருட்டிப் பார்த்தார். ஜெரோ சொன்ன தூரம் அச்சாக வந்தது. சந்தோஷமாகப் போய்ச் சொன்னார்.

"இந்தச் சக்கரம் சேட்டிலைட்டைப் பாத்திருக்கா?" என்று கேட்டார் உல்தெரிகோ.

"இல்ல சார். தரையைத்தான் பாத்திருக்கு."

"அப்ப தரைக்குத் தரையே சாட்சியா? நாளைக்குத் திருடனுக்குத் திருடன் சாட்சின்னு வருவீங்க."

சக்கரம் நிராகரிக்கப்பட்டது. அடுத்த குற்றவாளி துணி. சந்துக்கு மேலே குறுக்கும் நெடுக்கும் காயும் படுக்கை விரிப்புகள் சேட்டிலைட்டின் பார்வையை மறைப்பதாகக் கண்டுபிடித்து, கொடிகளை அவிழ்க்க உத்தரவு போட்டார்கள். ஐந்தாம் மாடியில் இருக்கும் நில்தே அம்மாள், மூட்டுவலியால் கீழே இறங்கியே பல வருஷமானவர், ஜன்னலில் வந்து நின்றார்.

"யோவ்! சேட்டிலைட்டு வருதுன்னு நான் என் உள்பாவாடையை ஒதுக்கி வழிவிடணுமா? அது என்ன வீட்டுக்கு வர்ற மாப்பிள்ளையா?"

"அம்மா, இது உங்க பாதுகாப்புக்குத்தான்" என்று கீழேயிருந்து கத்தினார் உல்தெரிகோ.

"என் பாதுகாப்புக்கு ஜெரோ இருக்கான். நீ யாரு?"

துணியை எடுத்தார்கள். அன்றைய ஓட்டத்தில் பெரும்பாலான கடிகாரங்கள் ஜெரோவைத் தேவாலயக் கோபுரத்தின் உச்சியில் காட்டின. முன்னேற்றம் தெரிகிறது என்று உல்தெரிகோ குறித்துக்கொண்டார். கோபுரம் நிலத்தில்தானே இருக்கிறது!

கடைசியாக அந்த விதி வந்தது. இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியது. இது அப்படியில்லை. கடிகாரம் சேட்டிலைட்டுகளைப் பிடித்துக்கொண்டு பச்சை விளக்கு காட்டும்வரை ஓட்டக்காரன் ஓடத் தொடங்கக் கூடாது. சந்துக்குள் பச்சை விளக்கு வராது. ஆகவே போன் வந்ததும் ஜெரோ முதலில் எதிர்த்திசையில் இருக்கும் சதுக்கத்துக்குப் போய், வானம் தெரியும் இடத்தில் அசையாமல் நின்று, விளக்கு வந்த பிறகு கிளம்ப வேண்டும்.

"சார், அதுவரைக்கும் அங்க ஒருத்தர் நெஞ்சு நின்னு கெடப்பாரே! இதயம் காத்திருக்குமா?" என்று கேட்டான் ஜெரோ.

"இதயத்துக்குத் தனி ஆணையம் இருக்கு" என்றார் உல்தெரிகோ.

ஏப்ரல் மாதம் தையல்காரர் ஃபெர்ரூச்சோவின் மனைவி அலறிக்கொண்டு போன் செய்தாள். ஜெரோ சதுக்கத்துக்கு ஓடினான். விளக்கு சிவப்பில் இருந்தது. நின்றான். புறாவுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவர்கள் அவனை வேடிக்கை பார்த்தார்கள். பச்சை வந்து அவன் போய்ச் சேர்ந்தபோது தையல்காரரின் உயிர் போயிருந்தது. அந்த வாரம் ஆணையத்திலிருந்து முதன்முறையாகப் பாராட்டு வந்தது. ஓட்டத்தின் தொடக்கப் புள்ளி மிகச் சரியாகப் பதிவாகியிருக்கிறதாம்.

ஜெரோ அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. மீன் கடையில் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பான். ஒரு நாள் என்னிடம் வந்து உடைந்துபோய்ச் சொன்னான்.

"டெல்ஃபீனாக்கா, அந்த மனுஷனை நான்தான் கொன்னேன். நின்னேன் பாருங்க, மரம் மாதிரி. ஓடாம நின்னேன். ஓடினா நிலையத்தை மூடிடுவாங்க, நின்னா ஆள் செத்துடுறாங்க. நான் என்னதான் பண்றது? சொல்லுங்க. ஒரு நாள் அண்ணன் வீட்டுல இருந்து போன் வரும். நான் சதுக்கத்துல வானத்தைப் பாத்துக்கிட்டு நிப்பேன்."

"நீ கொல்லலடா" என்று மட்டும் சொன்னேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவில்லை என்பது எங்கள் கதையாகிவிட்டது. யாரைப் போய் அடிப்பது?

இறுதி ஒப்பீட்டு நாளும் வந்தது. ஆணையம் முழுவதும் எங்கள் சின்ன அறைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தது. இன்று கடிகாரங்கள் ஒத்துப்போகவில்லை என்றால் சாயங்காலமே பெட்டி மலையேறிவிடும். உல்தெரிகோ புதிய கோட் போட்டிருந்தார். கொண்டுவந்த ஏழு கடிகாரங்களையும் மிரெல்லா ஒவ்வொன்றாக ஜெரோவுக்குக் கட்டி முடித்தார். ஜெரோ கையையும் காலையும் அகட்டி வைத்துக்கொண்டு, சந்தைக்குப் போகும் மாடு போல நின்றான்.

போன் அடித்தது. லாசரோவின் எண்.

"சொல்லுங்க லாசரோ" என்றேன்.

பதில் இல்லை.

"லாசரோ? என்ன, ரொட்டி சரியில்லையா? கீழ்வீட்டுக்காரி பாடுறாளா?"

ஒன்றுமில்லை. லைன் திறந்திருந்தது, தூரத்தில் ரேடியோ ஓடியது. ஜெரோ என் முகத்தைப் பார்த்தான்.

"என்னக்கா சொல்றார்?"

"ஒண்ணும் சொல்லலடா."

"கொறை?"

"ஒரு கொறையும் சொல்லல."

ஜெரோ பெட்டியை எடுத்தான். உல்தெரிகோ கையை நீட்டித் தடுத்தார்.

"இருங்க இருங்க. பேசுறவர் ஒண்ணும் சொல்லலைன்னா, ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்?"

"சார், நீங்க ரோம்காரர்" என்றேன். "எங்க ஊர்ல உசுரு இருக்கறவன் சும்மா இருக்க மாட்டான்."

"சரி, அப்ப முறைப்படி சதுக்கத்துக்குப் போகட்டும். விளக்கு பச்சையானதும்—"

ஜெரோ முதல் கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் போட்டான். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. வார் அவிழாததைப் பல்லால் கடித்து இழுத்தான். ஏழும் மேஜையில் விழுந்ததும் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கதவை இடித்துத் தள்ளிவிட்டு ஓடினான். "பதிவில்லாத ஓட்டம்! பதிவில்லாத ஓட்டம்!" என்று உல்தெரிகோ கத்தியது சந்து முனைவரை கேட்டிருக்கும்.

நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ரேடியோவில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டேன், தெரியாத இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிட்டேன். கடைசியில் கதவு உடைகிற சத்தம். ஜெரோவின் மூச்சிரைப்பு. "அண்ணே! அண்ணே, கண்ணத் தொறங்க!" துணி கிழிகிற சத்தம். பெட்டிக்குள் பதிவு செய்து வைத்திருக்கும் பெண் குரல், தள்ளி நிற்கச் சொன்னது. பிறகு ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில் நான் கிழவியாகிவிட்டேன்.

அப்புறம் ஒரு இருமல்.

"ஏன்டா சட்டையக் கிழிச்ச?" லாசரோவின் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. "நல்ல சட்டைடா அது. கதவ வேற ஒடச்சிட்ட. மீன் நாத்தம் வேற. மூணாவது தடவையும் நீதானா வரணும்?"

நான் போனைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், ஆணையம் முழுவதும் மேஜையைச் சுற்றிக் குனிந்திருந்தது. உல்தெரிகோவின் கண்ணிலும் நீர்.

"பாருங்க" என்றார், குரல் நடுங்க. "ஏழு வாட்ச்சும் ஒரே புள்ளி! கடல் இல்ல, மடம் இல்ல, கோபுரம் இல்ல. ஏழும் ஒரே தூரத்தைக் காட்டுது. பூஜ்யம்! இத்தனை மாச ஒப்பீட்டுல இப்படி ஒரு ஒற்றுமை வந்ததே இல்ல." என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்களும் அழறீங்களாம்மா? துல்லியம் யாரையும் உருக்கிடும்."

அடுத்த வாரம் தீர்ப்பு வந்தது. எங்கள் நிலையம் பிராந்தியத்திலேயே முதல் தரம். மூடப்படாது. ஜெரோமேல் நடவடிக்கையும் இல்லை. பதிவில்லாத ஓட்டம் நடந்ததாகவே கொள்ள முடியாது, நடக்காததற்கு எப்படித் தண்டிப்பது? லாசரோவைத் தானாகப் பிழைத்தவர் என்று குறித்துக்கொண்டார்கள். அதைக் கேட்டு அவர் இரண்டு நாள் விடாமல் திட்டினார். ஒரே ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. அடைந்த துல்லியம் கெடாமலிருக்க, கடிகாரங்கள் இனி மேஜையிலேயே இருக்க வேண்டும். கடிகாரம் இல்லாத இடத்துக்குப் பெட்டி போகக் கூடாது. ஆகவே பெட்டியும் மேஜையிலேயே இருக்க வேண்டும். ஒரு இரும்புச் சங்கிலி கொண்டுவந்து பெட்டியை மேஜையோடும் மேஜையைச் சுவரோடும் பூட்டினார்கள். சாவி ஆணையத்திடம். சங்கிலியை அறுத்தால் அன்றே நிலையத்தை மூடிவிடுவார்கள்.

"அப்ப நெஞ்சு நின்னவங்க?" என்று கேட்டேன்.

"பெட்டி இருக்கற இடம் இப்ப மிகச் சரியாத் தெரியுதே" என்றார் உல்தெரிகோ. "அவங்க வரலாம்."

வந்தார்கள். வேறென்ன செய்வார்கள்? நெஞ்சு சரியில்லாதவர்கள் எல்லாம் நிற்பதற்கு முன்பே வந்துவிடுவது என்று முடிவு செய்து, அவரவர் வீட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பெட்டியைச் சுற்றி உட்கார ஆரம்பித்தார்கள். காலையில் வந்து கடலைமாவு ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்று, சீட்டாடி, ஒருவரை ஒருவர் வைதுகொண்டு இருப்பார்கள். லாசரோவுக்குத்தான் பெட்டிக்குப் பக்கத்து இடம். அதற்காக நடந்த சண்டையில் இரண்டு பேருக்கு நெஞ்சு படபடத்தது. நில்தே அம்மாள் மட்டும் வரவில்லை. ஐந்து மாடி இறங்க முடியாது. தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று ஜெரோ போய்க் கெஞ்சினான். அந்தச் சுழல் படிக்கட்டில் மூன்றாவது படியிலேயே வலியில் துடித்துவிட்டார். "வேணாம்டா கண்ணு" என்றார். "எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வெய்யி. போதும்." போட்டு வைத்தோம்.

மற்றப் பிராந்தியங்களிலிருந்து அதிகாரிகள் எங்கள் நிலையத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வந்தார்கள். உல்தெரிகோ அழைத்துவந்தார். காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார்.

"இது யாருக்கு?"

"நில்தே அம்மாவுக்கு" என்றான் ஜெரோ. "அவங்களால வர முடியல."

"அப்ப காலிதானே" என்று சொல்லி அதில் உட்கார்ந்தார்.

அவர் விளக்கத் தொடங்கியபோது போன் அடித்தது. எடுத்தேன். நில்தேவின் குரல் இழுத்து இழுத்து வந்தது. "டெல்ஃபீனா... ஜெரோவ..." என்றார். அவ்வளவுதான். நான் வாயைத் திறப்பதற்குள் ஜெரோ பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். சங்கிலி விறைத்தது. இன்னும் இழுத்தான், கழுத்து நரம்பு புடைக்க, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வர. லாசரோ எழுந்து அவனோடு சேர்ந்து இழுத்தார். சுவரிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது.

உல்தெரிகோ விருந்தினர்களைத் திருப்பி அந்தப் பக்கம் பார்க்கச் சொன்னார்.

"பாத்தீங்களா?" என்றார். "ஒரு மீட்டர்கூட நகரல."